சாயங்காலச் சட்டை

1997ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு சந்தை நாளன்று பதினான்கு சிவப்புச் சட்டைகள் ஒரே மூட்டையாகக் கொல்லிமலைக்கு வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர் காளப்பநாயக்கன்பட்டியில் துணிக்கடை வைத்திருந்த பாய். சந்தை நாள்தோறும் வேன் நிறைய ரெடிமேட் துணிகளோடு எழுபது வளைவுகளையும் ஏறி வருவார். அந்தச் சட்டைகள் திருப்பூரில் வெளிநாட்டுக்காகத் தைத்ததில் மிஞ்சியவை. நெஞ்சில் பச்சையாக ஒரு நட்சத்திரம், முதுகில் எங்கள் மலையில் யாராலும் படிக்க முடியாத எழுத்து.

வாசலூர்பட்டி வாலிபால் அணியின் கேப்டன்தான் மூட்டையை மொத்தமாக வாங்கினார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த விவசாயி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மட்டும் அவர் கேப்டன். முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பாயிடமே கேட்டிருக்கிறார். பாய்க்கு அரபி எழுத்துத் தெரியும், ஓதத் தெரியும், பேச்சுப் பொருள் அவ்வளவாகத் தெரியாது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, 'மஃரிப்' என்று போட்டிருப்பதாகச் சொன்னார். அப்படியென்றால்? பாய்க்குத் தெரிந்த மஃரிப், பொழுது சாய்ந்ததும் தொழுகிற தொழுகை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இது சாயங்காலம் போட்டுக்கொண்டு விளையாடுகிற சட்டையாக இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். அணியும் ஒத்துக்கொண்டது. அவர்கள் விளையாடுவதும் சாயங்காலம்தானே.

அந்த ஊரில் அப்போது நான் பகுதி நேர நூலகர். வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் பாயின் ஊர்தான். பஸ்ஸில் தினமும் ஏறி இறங்கினால் வாந்தியிலேயே வேலை போய்விடும் என்பதால் நூலகத்துக்குப் பின்னாலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். நூலகத்தில் இரண்டு பீரோ புத்தகம், ஒரு நீள மேஜை, சுவரில் ஓர் உலக வரைபடம். வாசகர்கள்தான் இல்லை. வருகைப் பதிவேட்டில் நாளொன்றுக்கு நான்கு கையெழுத்து விழுந்தால் அது திருவிழா. அதிலும் ஒன்று தபால்காரருடையது, மழைக்கு ஒதுங்கியபோது போட்டது. இப்படியே போனால் நூலகத்தை மூடிவிடுவோம் என்று மேலதிகாரி இரண்டு முறை எழுதிவிட்டார். மூடினால் நான் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் எனக்காக மாப்பிள்ளைகளின் ஜாதகங்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் கேப்டன் சட்டையைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சாயங்காலக் கதையை அவர் முழுதாக நம்பிவிடவில்லை. நட்சத்திரத்தைக் காட்டி, இது ஏதாவது கட்சியா என்று கேட்டார். கட்சிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே ஆடப் போனால் வேறு மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கவலை. எனக்கும் தெரியவில்லை. வரைபடத்தின் அடியில் வரிசையாக அச்சிட்டிருந்த கொடிகளில் விரலை ஓட்டிக்கொண்டு போனேன். சிவப்பில் பச்சை நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது. அரபியில் அந்த நாட்டின் பெயரே மஃரிப்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

"மொராக்கோ. அது ஒரு நாடு" என்றேன்.

எங்கள் மலையில் நாடு என்றால் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தது. தேவனூர் நாடு, வாழவந்தி நாடு என்று வரிசையாக உண்டு.

கேப்டன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அது எந்தப் பக்கமுங்க அம்மணி? தேவனூர் நாட்டுக்கு அந்தாண்டையா?" என்றார்.

நான் மும்முரமாக ஆப்பிரிக்காவைக் காட்டி, மேலே இடது பக்க மூலை, கடலோரம் என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால் மனிதர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து வருகிறவர்களை மலைக்காரர்கள் இப்படித்தான் பதம் பார்ப்பார்கள் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பழிவாங்கத்தான் அந்த யோசனை வந்தது என்று நினைக்கிறேன். அவர் அடுத்ததாக, இவர்கள் நன்றாக ஆடுகிறவர்களா, சட்டை ராசியான சட்டையா என்று கேட்டார். பீரோவுக்கு மேல் இரண்டு சாக்கு நிறையப் பழைய ஆங்கில விளையாட்டுப் பத்திரிகைகள் கிடந்தன. காப்பித் தோட்டக்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போனவை. அவர்களுடைய சரித்திரம் பெரிய சரித்திரம், ஒரே நாளில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்றேன். ஆறரை மணிக்கு ஆட்டம் முடிந்ததும் அணியோடு வந்தால் தினமும் கொஞ்சம் சொல்கிறேன், வருகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட வேண்டும் என்றேன். எனக்கு அப்போது மொராக்கோ கால்பந்து ஆடுகிறது என்பதுகூடத் தெரியாது.

பகலெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு சாக்குகளைக் கிளறினேன். சாயங்காலம் பதினான்கு பேர் வியர்வையோடு வந்து பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

முதல் கதை 1970. மெக்சிகோவில் உலகக் கோப்பை. மொராக்கோ முதன்முதலாகப் போகிறது, முதல் ஆட்டமே மேற்கு ஜெர்மனியோடு. முதல் கோலைப் போட்டது மொராக்கோ. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கும்போது மொராக்கோ ஆட்கள் முழுதாக மைதானத்துக்கு வந்து சேரவில்லை. கோல்கீப்பரே வரவில்லை. நடுவர் விசிலை ஊதிவிட்டார் என்று பத்திரிகையில் இருந்தது. கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

தோற்றது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. கோல்கீப்பர் எங்கே போயிருந்தார் என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. பத்திரிகையில் அது இல்லை. பதினான்கு முகங்களும் என்னையே பார்த்தன. டீ குடிக்கப் போயிருந்தார் என்று சொன்னேன். உடனே எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த ஆளைப் போலவே தங்கள் அணியில் ஒருவன் இருப்பதாகச் சொல்லி ஒருவனைக் கூட்டத்திலிருந்து பிடித்துத் தள்ளினார்கள். என் வாழ்க்கையின் முதல் சரித்திரப் பொய் இவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்தது 1976, ஆப்பிரிக்கக் கோப்பை. கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே போதும் என்ற நிலையில், முடிய நான்கைந்து நிமிடம் இருக்கும்போது கோல் போட்டுச் சமன் செய்து கோப்பையை வாங்கினார்கள். டிரா பண்ணிக் கோப்பை வாங்குவது ஒரு பெருமையா என்று பெஞ்சில் இரண்டு கட்சி உண்டாகி, மறுநாளும் அதே சண்டை நடந்தது. வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தது. பதிவேட்டில் முப்பது கையெழுத்தைத் தாண்டியது.

1986க்கு வந்தபோதுதான் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நிஜமே நன்றாகத்தான் இருந்தது. இங்கிலாந்தோடு டிரா, போலந்தோடு டிரா, போர்ச்சுகலை மூன்றுக்கு ஒன்று என்று அடித்து, குழுவில் முதலிடம். அதுவரை எந்த ஆப்பிரிக்க நாடும் செய்யாதது. பெஞ்சில் விசில் பறந்தது. அடுத்த சுற்றில் மறுபடி மேற்கு ஜெர்மனி. எண்பத்தேழு நிமிடம் கோல் விழாமல் தாக்குப் பிடித்து, எண்பத்தெட்டாவது நிமிடம் ஒரு ஃப்ரீ கிக்கில் கோல் வாங்கித் தோற்றார்கள். வெளியே மழை. நாற்பது பேர் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. அந்த ஃப்ரீ கிக்கைத் தூக்கி மொராக்கோவுக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்குக் கிளம்பிய சத்தத்தில் எதிர்வீட்டு நாய்கள் அரை மணி நேரம் குரைத்தன.

கேப்டனின் மனைவியை நான் முதலில் பார்த்தது அதற்கு அடுத்த நாள். எட்டாவது வரை படித்தவர், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் தினமும் எட்டு மணிக்கு ஊடு திரும்புகிறார், கேட்டால் ஜெர்மனி என்கிறார், என்ன நடக்கிறதென்று பார்க்க வந்ததாகச் சொன்னார். மேஜை மேல் நான் அசட்டையாகப் போட்டு வைத்திருந்த பத்திரிகையைப் புரட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்ற தைரியத்தில் நான் பேசாமல் இருந்தேன். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. கறுப்பு வெள்ளைப் படம். நெஞ்சில் நட்சத்திரம் போட்ட ஆள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் வேறு சட்டைக்காரர்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, ஜெயிச்சவங்க இப்படித்தான் உக்காருவாங்களா?"

களைப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் படத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். நாலு நிமிடம் அப்படி நின்றால் எந்தக் கள்ளனும் ஒத்துக்கொள்வான். நான் ஒத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. சாயங்காலம் நானே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்றார். தான் போய்ச் சொன்னால் கேப்டன் நம்பப் போவதில்லை, அவருக்கு லைப்ரரிமேல் அவ்வளவு மரியாதை வந்துவிட்டது என்றார். அந்த மரியாதை என்ற சொல்லுக்காகத்தான் நான் சரி என்றேன்.

அன்று சாயங்காலம் நின்றுகொண்டே சொன்னேன். ஃப்ரீ கிக் அவர்களுடையது, கோல் அவர்களுடையது, ஜெயித்ததும் அவர்கள்தான். பதிவேடு, மேலதிகாரி, ஜாதகம் எல்லாம் என் கண்முன் வரிசையாகப் போயின.

கேப்டன் எழுந்து, "கோல்கீப்பரு டீ குடிக்கப் போனாருன்னீங்களே, அதுங்க?" என்றார்.

அதுவும் எனக்குத் தெரியாது என்றேன்.

"டீயை விட்ரலாங்க" என்றார் பின்பெஞ்சிலிருந்து ஒருவர். "அது யாரையும் ஒண்ணும் பண்ணலை."

அதற்குமேல் அவர்கள் என்னை விட்டுவிட்டார்கள். தண்டனையாக 1986ஐ மறுபடி முதலிலிருந்து உள்ளபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வேடிக்கை என்னவென்றால், தோற்ற கதையை அவர்கள் இன்னும் கவனமாகக் கேட்டார்கள். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் தடுப்புச் சுவராக எத்தனை பேர் நின்றார்கள், பந்து எந்த இடுக்கில் புகுந்தது என்று கேட்டுத் துளைத்தார்கள். அக்காவும் அன்றிலிருந்து வர ஆரம்பித்தார். அவர் கையெழுத்துத்தான் பதிவேட்டிலேயே அழகு.

மார்கழி வாக்கில், அடுத்த உலகக் கோப்பைக்கு யார் யாரோடு ஆடுவது என்ற செய்தி வந்தது. மொராக்கோ இருந்தது. ஒரே குழுவில் பிரேசில், நார்வே, ஸ்காட்லாந்து. கேப்டன் அந்தத் துண்டுச் செய்தியை வெட்டியெடுக்க அனுமதி கேட்டார். நூலகப் பத்திரிகையை வெட்டக்கூடாது என்பது விதி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

1998 ஜூனில் ஆட்டங்கள் தொடங்கியபோது மலையில் காற்றுக்காலம். மரம் விழுந்து கம்பி அறுந்து நாள்கணக்கில் கரண்ட் கிடையாது. ஆட்டம் நடப்பதும் நம் கணக்குக்கு நள்ளிரவு தாண்டி. அதனால் எங்களுக்கு உலகக் கோப்பை காலை ரேடியோ செய்தியாக வந்தது, விவரம் மறுநாள் பஸ்ஸில் வந்தது. நார்வேயோடு இரண்டுக்கு இரண்டு. பிரேசிலிடம் மூன்று வாங்கினார்கள். பிரேசிலிடம் வாங்குவது வெயில் அடிப்பது மாதிரி, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று அணி பேசிக்கொண்டது. கடைசி ஆட்டம் ஸ்காட்லாந்தோடு. மொராக்கோ ஜெயித்து, அதே நேரத்தில் நார்வே பிரேசிலை ஜெயிக்காமல் இருந்தால் அடுத்த சுற்று. நார்வேயாவது பிரேசிலை ஜெயிப்பதாவது.

அன்று காலை கேப்டன் வாசலில் உட்கார்ந்து ரேடியோவைக் காதோடு வைத்திருந்தாராம். மொராக்கோ ஸ்காட்லாந்தை மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றது என்றார் செய்தி வாசிப்பவர். கேப்டன் ரேடியோவைத் தரையில் வைத்துவிட்டு ஓடினார். அடுத்த வாக்கியம் எதுவோ, அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. அக்கா மரவள்ளிக் காட்டில் இருந்தார்.

பத்து மணிக்கெல்லாம் மைதானத்து ஓரத்தில் மூன்று கல்லடுப்புக் கூட்டியாயிற்று. வீட்டுக்கு ஒன்றாக ஏழெட்டுக் கோழிகள், சாமைச் சோறு, மிளகுக் குழம்பு. பதினான்கு சட்டைகளும் அன்று காலையிலேயே வெளியே வந்துவிட்டன. நானும் நூலகத்தைப் பூட்டிவிட்டுப் போனேன். பதிவேட்டை மட்டும் கையோடு எடுத்துப் போனேன்.

அன்று சந்தை நாள், மதியம் பாயின் வேன் வந்தது. கீழே அவர் வீட்டில் கரண்டும் உண்டு, டிவியும் உண்டு. இந்தச் சட்டையை விற்ற பாசத்தில் அவரும் ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு, மற்ற மைதானத்துக் கோல்களைத் திருப்பிக் காட்டியதையும் பார்த்திருக்கிறார். வேனை விட்டு இறங்கியவர் அடுப்பையும் சிவப்புச் சட்டைகளையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான்தான் முதலில் எதிரே போனேன். என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னேன்.

"பாப்பா, இவங்களுக்குத் தெரியாதா?" என்றார் தணிந்த குரலில்.

நார்வே பிரேசிலை ஜெயித்துவிட்டது. முடிய ஏழெட்டு நிமிடம் இருந்தபோது ஒரு கோலைத் திருப்பி, கடைசியில் பெனால்டியில் ஒன்று போட்டு இரண்டுக்கு ஒன்று. மொராக்கோ வெளியே. மொராக்கோ ஆட்கள் ஜெயித்த சந்தோஷத்தில் கைகோர்த்துக் குதித்துக்கொண்டிருந்தபோது மற்ற மைதானத்துச் செய்தி வந்து சேர்ந்ததாம். நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். இன்றைக்குச் சாப்பிட்டு முடிக்கட்டும். நாளைக்குப் பேப்பர் வந்து அதுவே சொல்லிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

அது நடந்திருக்கும், கோழி குறுக்கே வராமல் இருந்திருந்தால். மற்றக் கோழிகளையெல்லாம் அறுத்துவிட்டவர்கள், பாய் வருவார், அவர் கையால் அறுத்தால்தான் சாப்பிடுவார் என்று ஒரு நல்ல பெட்டைக் கோழியைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார்கள். கேப்டன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, கத்தியோடு பாய் முன்னால் நீட்டினார். மொராக்கோ ஜெயித்ததற்குப் பாய்தான் காரணம், சட்டை அவருடையது, ஆகவே இந்தக் கோழி அவருக்கு மரியாதை என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார்.

பாய் கோழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்தியை வாங்கவில்லை.

"இல்லாத வெற்றிக்கு இதை எப்படிம்மா அறுக்கிறது?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

உடம்பு சரியில்லையா என்று கேப்டன் அவரை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லை. நான் முன்னால் போய் நின்று, நார்வே, பெனால்டி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் யாரும் அழவில்லை, யாரும் கோபப்படவில்லை. ஒருவரும் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அக்கா இலை கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "என்னங்க அம்மணி இது. போன தடவை தோத்ததை ஜெயிச்சதுன்னீங்க. இப்ப ஜெயிச்சதைத் தோத்ததுங்கறீங்க."

அத்தனை பேரும் சிரித்தார்கள். இந்தப் பெண் மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான் பாயைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். தான் கண்ணால் பார்த்ததாக பாய் சொன்னார். அவர் வேனை விட்டு இறங்கியபோதே நான் சொல்லிக் கொடுத்திருப்பேன், இரண்டு பேரும் ஒரே ஊர் என்றார்கள். பாய் கடைசியில், தன் வியாபாரத்தின் மேல் சத்தியம் என்று வேன் கதவைத் தொட்டபோதுதான் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அவர் விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் செய்கிற ஆள் இல்லை என்று மலைக்கே தெரியும்.

கேப்டன் கோழியை இன்னும் கக்கத்திலேயே வைத்திருந்தார். அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மத்த கோழியெல்லாம் வெந்தாச்சுங்களே" என்றார்.

ஆகவே சாப்பிட்டோம். தனியாகக் கட்டியிருந்த பெட்டைக்கு விடுதலை கிடைத்தது. பாய்க்குச் சாமைச் சோறும் தயிரும் அவரைக்காய்ப் பொரியலும் போட்டார்கள். பிறகு யாரோ, நார்வேக்குக் கொடுத்த பெனால்டி சரியான பெனால்டியா என்று கேட்க, பாய் எச்சில் கையோடு எழுந்து, பெனால்டி வாங்கியவர் எப்படி விழுந்தார் என்று விழுந்து காட்டினார். அவர் அப்படி விழுவார் என்று யாரும் நினைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்தப் பெனால்டியைப் பற்றியே பேசினார்கள். என்னைப் பற்றிய சந்தேகம் அப்போதும் முழுதாகத் தீரவில்லை. மறுநாள் காலை பேப்பர் வரும் பஸ்ஸை எதிர்பார்த்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நூலக வாசலில் நின்றார்கள். அக்காதான் உரக்கப் படித்தார். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, இந்தத் தடவை சரி என்றார்.

அந்த வருடம் அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். பதிவேட்டைப் புரட்டியவருக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை கையெழுத்தும் நானே போட்டதா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கேப்டன் குறுக்கிட்டு, 1970இலிருந்து தொடங்கிவிட்டார். அதிகாரிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கோல்கீப்பர் டீ குடிக்கப் போன கட்டத்தையும் கேப்டன் விடவில்லை. எனக்கு ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டுத்தான் சொன்னார். அதிகாரி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்தல். எங்கேயோ ஓர் அரசாங்கக் கோப்பில் அந்த டீ இருக்கிறது.

நூலகம் மூடப்படவில்லை. நான் 2001இல் மாற்றலாகிக் கீழே வந்தேன். ஜாதகங்களில் ஒன்று பொருந்தி, கல்யாணமும் ஆயிற்று. 2004இல் ஒரு நாள் அலுவலகத்துக்கு எனக்கு போன் வந்தது. அக்கா. ஆப்பிரிக்கக் கோப்பையின் கடைசி ஆட்டம் வரை போய் மொராக்கோ தோற்றுவிட்டது, துனீசியாவிடம், இரண்டுக்கு ஒன்று என்றார்.

"மேப்புல பாத்தனுங்க அம்மணி. ஒரு ஊடு தள்ளித்தான் இருக்கறாங்க. தெரிஞ்சவங்ககிட்டத் தோக்கறது ரொம்பக் கஷ்டமுங்க."

செய்தி போட்டிருந்த பேப்பர் என் மேஜையில் விரித்தபடியே கிடந்தது. அவர் முதல் கோலிலிருந்து கடைசி வரை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் அடிக்கடி 'அப்படியா' போட்டேன். அங்கே பஸ் வந்து ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா. நீங்க சொல்லித்தான் தெரியும்" என்றேன்.

"சரி, நம்பறேன்" என்றார், கொஞ்சமும் நம்பாத குரலில். "பஸ் வந்துருச்சு, வாரேனுங்க."